நுரை எந்தப் பக்கம் போகிறது?

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆடி மாதம் நாங்கள் நாலு பேர் கோழிக்கோடு பக்கம் சாலிப்புழையில் கயாக் ஓட்டப் போகிறோம். மூன்றாம் தர ஆறு என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?"

சாலிப்புழையும் இருவஞ்ஞிப்புழையும் சாலியாற்றுக்கு நீர் சேர்க்கும் சிற்றாறுகள். துஷாரகிரியை ஒட்டிய இந்த வட்டாரத்தில்தான் 2013இல் மலபார் நதித் திருவிழா தொடங்கியது. அதில் வெளிநாட்டு வீரர்களும் வந்து கயாக் ஓட்டுகிறார்கள்.

தரம் என்பது ஒன்று முதல் ஆறு வரை போகும் ஓர் அளவுகோல். அது ஆற்றுக்கு நிரந்தரமாகக் கொடுத்த பட்டம் அல்ல, ஒரு குறிப்பிட்ட நீர்மட்டத்துக்குச் சொன்ன கணிப்பு. மேலே மலையில் இரண்டு மணி நேரம் கொட்டினால் போதும், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சிற்றாறு வேறு ஆறாகிவிடும். விளம்பரத்தில் போடும் 'மூன்றாம் தரம்' எந்த நாள் தண்ணீருக்கானது என்று யாரும் எழுதுவதில்லை. அந்த எண்ணை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். படிபோல் இறங்கும் பாறைக்கும் தடுப்பணைக்கும் கீழே தண்ணீர் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

அதை உங்கள் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் குழாயைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி, கண்ணாடி போல மெல்லிய வட்டம் ஒன்று விரியும். அதன் ஓரத்தில் தண்ணீர் சட்டென்று தடித்து எழும். வட்டத்துக்குள் நீர் அலையைவிட வேகமாக ஓடுகிறது; வெளியே மெதுவாக. இரண்டும் மோதும் வரம்புதான் அந்த ஓரம். நீர்த்தாவல் என்பார்கள். ஆற்றிலும் இதே கதைதான். 40 செ.மீ. ஆழ நீரில் அலை விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர்தான் போகும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீரோ 4.4 மீட்டர் வேகத்தில் வரும். கீழே தேங்கிய நீரில் மோதி, நுரைத்து, எழுந்தே ஆக வேண்டும்.

இப்போது தொட்டியின் அடைப்பானைப் போடுங்கள். மட்டம் உயர உயர வட்டம் சுருங்கும். கடைசியில் குழாய் நீரையே சூழ்ந்து மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஒரு கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டால், அது திரும்பத் திரும்பக் குழாயடிக்கே வரும், அமிழும், மேலே வரும். அடியில் தண்ணீர் வெளியே ஓட, மேற்பரப்பு உள்ளே திரும்புகிறது. அந்த இலைதான் உங்கள் கயாக். வழுவழுவென்ற தொட்டியின் தரைதான் தடுப்பணை. தொட்டிக்குள் இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள், குழிமேடுகளுக்கு இடையே இலை எங்காவது நழுவி ஓடப் பார்க்கும். அதுதான் கரடுமுரடான பாறை!

லியோனார்டோ டா வின்சி இந்தத் தாவலைக் கவனித்தார், இத்தாலியில் பிடோனே 1820இல் தம் சோதனைகளை வெளியிட்டார், 1914இல் ரேலே பிரபு கணக்குப் போட்டார். தொட்டி வட்டத்துக்குக் காரணம் ஈர்ப்பு விசை அல்ல, பரப்பு இழுவிசைதான் என்று 2018இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சொன்னபோது, பழைய புதிர் அவிழ்ந்துவிட்டதாகப் பேச்சு எழுந்தது. மற்ற ஆய்வாளர்கள் உடனே மறுத்தார்கள், வாதம் அடங்கவில்லை. எப்படியானாலும் ஆற்றின் அளவில் ஆட்சி செய்வது ஈர்ப்பு விசையே. அந்த இடத்தில் தொட்டி உவமை நின்றுவிடும்.

என்னை வியக்க வைப்பது இதுதான்: ஆபத்து தண்ணீரோடு சேர்ந்து ஒரே சீராக ஏறுவதில்லை. நீர் குறைவாக இருந்தால் தாவல் அணையை விட்டுத் தள்ளிப்போய் நிகழும். பெருவெள்ளத்தில் அணையே மூழ்கி மேலே அலை மட்டும் ஓடும். இடைப்பட்ட நீரில், கீழ்மட்டம் உயர்ந்து தாவலை மூடும்போதுதான் மேற்பரப்பு அணையை நோக்கித் திரும்புகிறது. பார்வைக்குச் சாதுவாக இருக்கும். சத்தம்கூடக் குறையலாம். பாறைப் படியில் நீர் ஓரங்களில் வழிந்து தப்ப இடமுண்டு. கரைக்குக் கரை ஒரே மட்டமாகக் கட்டிய அணையில் அது இல்லை. நுரையில் காற்று கலந்திருப்பதால் லைஃப் ஜாக்கெட்டும் முழு பலத்தோடு தூக்காது. நீர்மீட்புப் பயிற்சியில் இத்தகைய அணையை 'மூழ்கடிக்கும் இயந்திரம்' என்றே சொல்கிறார்கள்.

ஆகவே நண்பரே, முதல் நாள் படகைத் தொடாமல் கரையோரம் நடந்து வாருங்கள். எங்கெங்கே தடுப்பணை, எங்கே ஏறி எங்கே இறங்குவது என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, மலையில் இரவு மழை பெய்ததா என்று விசாரித்துவிட்டு அதே இடங்களை மறுபடி பாருங்கள். நுரைக்கோட்டின் இரு முனைகளும் ஆறு ஓடும் திசையில் வளைந்திருந்தால் நீர் உங்களை ஓரத்தில் தள்ளி விட்டுவிடும். ஆறு வரும் திசையில் வளைந்திருந்தால் நடுவுக்கே இழுக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு காய்ந்த மட்டையை அணைக்கு மேலே எறியுங்கள். அது ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைவழியே நடந்துவிடுங்கள். மட்டை உடனே போய்விட்டாலும், அது தடுப்பணை என்றால் நடப்பதே சரி.