திணைப் பாகுபாடும் தேசிய நிலக் காப்புத் திட்டமிடலும்: பழனிமலைப் புல்வெளிகளை முன்வைத்து

முன்னுரை

நிலத்தைக் காக்கத் திட்டமிடுவோர் முதலில் அதனை வகைப்படுத்துகின்றனர். காடு, வேளாண் நிலம், தரிசு என ஒரு நிலம் எவ்வகையுள் வைக்கப்படுகிறதோ, அதற்கேற்பவே அங்குக் காக்கப்படுவதும் மாற்றப்படுவதும் முடிவாகின்றன. வத்தலக்குண்டுக்கு மேற்கே உயரும் பழனிமலையில் தேசிய வனக் கொள்கையின் வகைப்பாடு புல்வெளிகளைக் காணத் தவறியதையும், அவ்விடத்தில் திணைப் பாகுபாடு தரும் தெளிவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கொள்கையின் அளவுகோல்

1952-ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கை மலைப்பகுதிகளில் 60 விழுக்காடு நிலம் காடாக இருத்தல் வேண்டும் என்றது. சூழற் சமநிலையை முதன்மை நோக்காகக் கொண்ட 1988-ஆம் ஆண்டுக் கொள்கை, மலைகளில் மூன்றில் இரண்டு பங்கு காடாகவோ மரப்போர்வையாகவோ இருத்தலை இலக்காக்கியது. இரண்டிலும் அளவுகோல் மரமே.

பழனிமலையின் உயர்பகுதியோ சோலையும் புல்வெளியும் விரவிய நிலம். மடிப்புகளில் சோலை நிற்க, சரிவுகளில் புல் படர்வது அதன் இயல்பு. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும், கூழுக்காகத் தைல மரமும் இச்சரிவுகளில் நடப்பட்டபோது, கணக்கில் மரப்பரப்பு கூடியது; புல்வெளியின் இழப்பு இழப்பாகப் பதிவாகவில்லை. மரத்தோட்டங்களாலும் வேளாண்மையாலும் நான்கு பதிற்றாண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி சுருங்கியதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

திணை காட்டும் வேறுபாடு

தொல்காப்பியம் காட்டை முல்லைக்கும் மலையைக் குறிஞ்சிக்கும் உரியதாகப் பிரிக்கிறது. மலைநிலத்துக்குப் பெயர் தந்ததும் மரமன்று; 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் ஒரு செடியே. நீலக்குறிஞ்சி செழிப்பது இப்புல்வெளிச் சரிவுகளில்தான். குறிஞ்சியின் கருப்பொருள்களுள் வேங்கையும் சந்தனமும் இடம்பெறுகின்றன. எனினும் நிலத்தின் அடையாளம் அவற்றால் அமையவில்லை. ஆகவே மலையைக் காடு என்னும் ஒரே வகைக்குள் அடக்குவது, தமிழ் மரபு பிரித்தறிந்த இரண்டை ஒன்றாக்குவதாகும்.

இங்கு ஒரு வரையறை தேவை. திணை ஓர் இலக்கிய மரபு. நிலஅளவைப் பதிவேடு அன்று. அதிலிருந்து எல்லைக்கோடுகளைப் பெற இயலாது. நிலம், நீர், உயிர், தொழில், வாழ்வு ஆகியவற்றைச் சேர்த்து நோக்கும் முறையையே பெற முடியும். மக்கள் உணரும் வகையில், இயற்கையும் மனிதரும் ஒருங்கே உருவாக்கிய பரப்பாக நிலத்தை வரையறுத்த 2000-ஆம் ஆண்டு ஐரோப்பிய உடன்படிக்கையும் இந்நோக்குக்கு அணுக்கமானதே.

மலையும் சமவெளியும்

2013-இல் 608 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு கொடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் கஸ்தூரிரங்கன் குழு மேற்குத் தொடர்ச்சி மலையை இயற்கை நிலப்பரப்பு, பண்பாட்டு நிலப்பரப்பு என இரண்டாகப் பகுத்து, ஏறத்தாழ 37 விழுக்காட்டைச் சூழல் கூருணர்வுப் பகுதியாகப் பரிந்துரைத்தது. ஆயினும் நீர் இப்பகுப்பை அறியாது. புல்வெளியும் சோலையும் மழையை உள்வாங்கி மெல்ல விடுவிக்கின்றன; பழனிமலையில் தோன்றும் மஞ்சளாறு அடிவாரச் சமவெளி வழியே வைகையைச் சேர்கிறது. குறிஞ்சியின் மாற்றத்தை மருதத்து உழவர் கிணற்று நீர்மட்டத்தில் உணர்வர்.

முடிவுரை

பழனிமலைக்கான திட்டம் மரப்பரப்பை மட்டும் அளப்பதாயின், புல்வெளி அழிவதும் வளர்ச்சியாகவே கணக்கிடப்படும். புல்வெளியைத் தனி நிலவகையாகப் பதிவு செய்தல், அயல் மரங்களை நீக்குமிடத்துப் புல்லை மீட்டல், அடிவாரப் பாசனப் பகுதியை மலைத் திட்டத்தோடு இணைத்தல் ஆகிய மூன்றும் திணை நோக்கிலிருந்து பெறத்தக்க நடைமுறைக் கூறுகளாகும்.