போட்டிக்கு இணையத்தளம்: ஆயத்தக் கருவியைப் பயன்படுத்தலாமா?

அறிவியல் போட்டிகள் சிலவற்றில் ஆய்வறிக்கையோடு அணியின் இணையத்தளத்தையும் கேட்கிறார்கள். உடனே அணிக்குள் விவாதம் தொடங்கிவிடும். “வேர்டுபிரஸில் செய்தால் இரண்டே நாளில் முடிந்துவிடும்” என்பார் ஒருவர். “அது நம் சொந்த உழைப்பு ஆகுமா?” என்று கேட்பார் இன்னொருவர். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. முடிவெடுக்கும் முன் அந்தக் கருவி எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம்.

மாவும் அச்சும்

எளிய இணையத்தளம் என்பது எச்டிஎம்எல் கோப்புகளின் தொகுப்பு. 20 பக்கங்கள் என்றால் 20 கோப்புகள். எல்லாப் பக்கங்களின் மேற்புறத்திலும் உள்ள அணியின் பெயரை மாற்ற வேண்டுமானால், 20 கோப்புகளிலும் திருத்த வேண்டும்.

வேர்டுபிரஸ், டுரூபல், ஜூம்லா போன்றவை உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள். இவை எழுத்தையும் தோற்றத்தையும் பிரித்து வைக்கின்றன. தீபாவளிக்கு வீட்டில் முறுக்குப் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். மாவு ஒன்றுதான், அச்சுத் தட்டை மாற்றினால் வடிவம் மாறிவிடும். இங்கே நீங்கள் எழுதும் கட்டுரைதான் மாவு. அது தரவுத்தளத்தில் இருக்கும். பக்கத்தின் வடிவமைப்பு வார்ப்புருதான் அச்சு. வாசகர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, வழங்கியில் உள்ள நிரல் இரண்டையும் சேர்த்து எச்டிஎம்எல் பக்கமாக அனுப்புகிறது. ஆகவே பெயரை ஓரிடத்தில் மாற்றினாலே போதும். எல்லாப் பக்கங்களிலும் மாறிவிடும்.

அணிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வேர்டுபிரஸில் ஒவ்வொருவருக்கும் தனிப் பொறுப்பு தரலாம். ‘பங்களிப்பாளர்’ எழுதலாம், வெளியிட முடியாது. ‘தொகுப்பாளர்’ பிறர் எழுதியதையும் திருத்தி வெளியிடலாம். ‘நிர்வாகி’ எல்லாவற்றையும் மாற்றலாம். ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளத் தேவையில்லை.

விதி என்ன சொல்கிறது?

ஐஜெம் என்ற அனைத்துலக உயிரியல் பொறியியல் போட்டியை எடுத்துக்கொள்வோம். 2003-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாகத் தொடங்கி, 2004-இல் ஐந்து அணிகளின் போட்டியாக மாறியது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக அணிகளும் இதில் பங்கேற்றுள்ளன. உயர்நிலைப்பள்ளி அணிகளும் சேரலாம். ஒவ்வோர் அணியும் தன் ஆய்வை விக்கி எனப்படும் இணையத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும். நடுவர்கள் அதைப் படித்து மதிப்பிடுவார்கள்.

இந்தப் போட்டியில் விக்கியின் எழுத்து, படம், நிரல் எல்லாம் போட்டி அமைப்பின் வழங்கியிலேயே இருக்க வேண்டும். வெளியே ஒரு தளத்தை அமைத்து இணைப்பு மட்டும் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். வெளித்தளம் ஒருநாள் மறைந்துபோகலாம். அப்போது அடுத்த ஆண்டு மாணவர்கள் அந்த ஆய்வைப் படிக்க முடியாது. குறித்த நேரத்துக்குப் பிறகு யாரும் எதையும் திருத்தவும் முடியாது.

பல ஆண்டுகளாக அணிகளுக்கு அங்கே தரப்பட்டது மீடியாவிக்கி. விக்கிப்பீடியா இயங்குவதும் அதே மென்பொருளில்தான். அதாவது, ஆயத்தக் கருவியைப் போட்டி அமைப்பே தந்தது! வெற்றியைத் தீர்மானித்தது கருவி அல்ல, அணிகள் அதில் எழுதிய அறிவியல். 2022 முதல் கிட்லேப் வழியாக, தரவுத்தளம் இல்லாத நிலைப்பக்கங்களாக விக்கி அமைக்கப்படுகிறது.

ஆகவே, “வேர்டுபிரஸ் நல்லதா?” என்பதற்கு முன் “நம் போட்டி எதைக் கேட்கிறது?” என்று பாருங்கள். கோப்புகளை ஒரே உறையில் ஒப்படைக்கச் சொன்னால் வேர்டுபிரஸ் தளத்தை அப்படியே கொடுக்க முடியாது. தரவுத்தளமும் வழங்கியும் இல்லாமல் அது இயங்காது. நிரல் எழுதும் திறனுக்கும் மதிப்பெண் உண்டென்றால், இலவச வார்ப்புருவைத் தேர்ந்தெடுத்ததற்கு மதிப்பெண் கிடைக்காது. ஆய்வை விளக்கும் திறனுக்கே மதிப்பெண் என்றால், மிச்சமாகும் நேரத்தைச் சோதனைக்கும் எழுத்துக்கும் செலவிடலாம்.

ஒப்படைக்கும் முன்

• வார்ப்புரு, செருகுநிரல், படம் எதைப் பிறரிடமிருந்து எடுத்தாலும், அதன் உரிமத்தைப் படித்து, தளத்தில் பெயரைக் குறிப்பிடுங்கள். சொல்லிவிட்டு எடுத்தது உதவி. சொல்லாமல் எடுத்தது ஏமாற்று.

• தேவையில்லாத செருகுநிரல்களை நீக்குங்கள், மற்றவற்றைப் புதுப்பியுங்கள். ஒரே மென்பொருளைப் பல தளங்கள் பயன்படுத்துவதால், ஒன்றில் தெரியவரும் ஓட்டை உங்கள் தளத்திலும் இருக்கும்.

• கோப்புகளோடு தரவுத்தளத்தையும் நகலெடுத்து வையுங்கள். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் அச்சுதான் மிஞ்சும், மாவு போய்விடும்.

• பக்கத்தைக் கைப்பேசியிலும் திறந்து பாருங்கள்.

• “இந்தப் பக்கம் எப்படி உருவாகிறது?” என்று நடுவர் கேட்டால், அணியில் உள்ள ஒவ்வொருவரும் விளக்க வேண்டும். இந்த வாரக் கூட்டத்தில் ஒருவரை நடுவராக உட்காரவைத்து, மற்றவர்களிடம் இதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.