கமுதி கரிமூட்டமும் கம்ப்யூட்டர் காடும்!

கமுதிப் பக்கம் எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேல மரம். அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் பல.

ஆனால், அந்த மரம் கண்மாயையும் வயலையும் விழுங்குகிறது. இத்தகைய அந்நிய மரங்களை அகற்ற 2022-ம் ஆண்டு தமிழக அரசு ஒரு கொள்கை வகுத்தது.

வெட்டினால் போதுமா? போதாது! அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். ஆடு, மாடுகள் காயைத் தின்று விதையைப் பரப்பும்.

எங்கே வெட்டுவது? எங்கே வேரோடு பெயர்ப்பது? இதற்கு வழிகாட்டக் கூடியது கம்ப்யூட்டர். மரத்தின் பருமன், வளரும் வேகம், மழை, வெட்டும் அளவு ஆகியவற்றைக் கொடுத்தால், அதற்குள்ளே ஒரு காடு வளரும்! இருபது ஆண்டுகளில் என்ன ஆகும் என்பதைச் சில நிமிடங்களில் கணக்கிட்டுக் காட்டும். 1972-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்ட 'ஜபோவா' இதற்கு ஒரு முன்னோடி.

கொடுக்கும் கணக்கு தவறினால் விடையும் தவறும். அதனால் காட்டை அளந்து பார்ப்பது அவசியம். முதுமலையில் 1988 முதல் சுமார் 125 ஏக்கர் காட்டில் மரங்களுக்கு எண் போட்டு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் அளந்து வருகிறார்கள்.

துளிர்த்த கட்டை எப்போது வெட்டுக்கு வரும் என்பது கமுதியில் கரி சுடுகிறவர்களுக்குத் தெரியும். அந்த அனுபவமும் கணக்கில் சேர வேண்டும். சேர்ந்தால் கண்மாயும் பிழைக்கும். ஏழை வீட்டு அடுப்பும் எரியும்!