ஈயம் போனது, வளையம் வந்தது

ஸ்கூடாய் பெட்ரோல் நிலையங்களில் 95, 97 என்ற எண்களைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினுக்குள் பெட்ரோல் தானாகவே தாறுமாறாக வெடித்துவிடாமல் தாங்கும் திறனைக் குறிப்பவை அவை. 1964-இல் வந்த அமெரிக்க பொன்டியாக் ஜிடிஓ போன்ற ‘மசில்’ கார்களின் 6.4 லிட்டர் எஞ்சினுக்கு இத்திறன் மிகவும் தேவை. அதற்காக அன்று பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள்.

ஈயம் இன்னொரு வேலையும் செய்தது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது, ஒரு வால்வு நொடிக்கு 25 முறை தன் இருக்கையில் மோதும். ஈயப் படிவு அங்கே மெத்தை! ஆனால் புகையில் வந்த ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. அதை நிறுத்தியது மிகச் சரி.

ஈயம் இல்லாமல் வேகமாக ஓட்டினால், சூடேறிய வால்வு பழைய வார்ப்பிரும்பு இருக்கையில் ஒட்டி ஒட்டிப் பிய்க்கும். பிறகு சரியாக மூடாது, அழுத்தம் கசியும்.

பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் அந்த இருக்கையைக் கடைந்துவிட்டு, கடினமான உலோக வளையத்தைப் பொருத்துகிறார்கள். வளையமோ துளையைவிடச் சற்றே பெரியது. எப்படி நுழையும்? நீங்கள் படித்த வெப்ப விரிவுதான். வளையத்தைக் குளிரவைத்தால் சுருங்கும். சிலிண்டர் ஹெட்டைச் சூடாக்கினால் துளையும் விரியும் (சுருங்கும் என்று நினைப்பவர்களே அதிகம்!). சட்டென்று அழுத்தி உட்காரவைக்க வேண்டும். வெப்பநிலை சமமானதும் வளையம் இறுகிவிடும். பசையும் வேண்டாம், திருகும் வேண்டாம்.