நாணயச் சந்தையில் நாணயம்

நம் மொழியில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். நெஞ்சில் இருக்க வேண்டிய நேர்மையும் நாணயம். முதல் நாணயத்தைத் தேடிப் போய், இரண்டாவது நாணயத்தை இழக்கும் இடம்வரை சென்று திரும்பியவன் நான். அந்த அனுபவத்தையும் அதனால் கற்ற சில முறைகளையும் சங்க நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பழங்காசும் அஞ்சல்தலையும் சேர்ப்பது பள்ளி நாளிலிருந்தே எனக்குப் பழக்கம். இவ்வூருக்குப் படிக்க வந்த பிறகு கடை கடையாய் அலைய நேரம் ஏது? இணையத்தில் நடக்கும் ஏலங்களில் புகுந்தேன். ஒரு நாள் இரவு, நான் சேர்ந்திருந்த வாட்சப் குழு ஒன்றில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் ஒரு ரூபாய் வெள்ளிக்காசு ஏலத்துக்கு வந்தது. ஆண்டு 1939. காசு சேர்ப்பவர்களுக்கு அந்த எண்ணைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும். 1938-ஆம் ஆண்டுக் காசு எளிதில் கிடைக்கும். 1939-ஆம் ஆண்டுக் காசோ மிக மிக அரிது.

ஐந்நூறு ரூபாயில் ஏலம் தொடங்கியது. நான் கேட்டேன், வேறு இருவர் கேட்டார்கள். நான் ஏற்றினால் அவர்களும் ஏற்றினார்கள். பத்து நிமிடத்தில் 4,200 ரூபாய்க்குக் காசு எனக்கே என்று முடிந்தது. அது அடுத்த மாத மெஸ் கட்டணத்துக்காக வைத்திருந்த பணம். ஆனால் வெற்றி பெற்றவனுக்குப் பசி தெரியுமா?

காசு வந்தது. வேதியியல் ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்தேன். 11.66 கிராம் இருக்க வேண்டும், இருந்தது. நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு நிறுத்தேன். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாலான அக்காசின் எடை நீரில் ஏறக்குறைய 1.13 கிராம் குறைய வேண்டும், குறைந்தது. துள்ளிக் குதித்தேன். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஆண்டைப் பார்த்தேன். 1, 9, 3 ஆகிய மூன்று எண்களும் வழவழவென்று இருந்தன. கடைசி 9-இன் வாலருகே மட்டும் நுண்ணிய கீறல்கள். எண்ணின் உடலும் மற்ற எண்களைப்போல் இல்லை. உண்மை புரிந்துவிட்டது. அது 1938-ஆம் ஆண்டுக் காசு. 8-இன் ஒரு பக்கத்தைச் சுரண்டி 9 ஆக்கியிருக்கிறார்கள். வெள்ளி அசல், எடை அசல், ஆண்டு மட்டும் பொய்! தராசு சொல்லாததைக் கண்ணாடி சொன்னது. ஒரே சோதனையை நம்பக் கூடாது என்பது நான் கற்ற முதற்பாடம்.

விற்றவருக்கு எழுதினேன். "படத்தைப் பார்த்துத்தானே கேட்டீர்கள்?" என்று ஒரு வரி வந்தது. அதற்குமேல் பேச்சில்லை, குழுவிலிருந்தும் என்னை நீக்கிவிட்டார்.

நான் குழுவில் இருந்தவரை நடந்த ஏலங்களின் பதிவு என் கைப்பேசியில் இருந்தது. அதைப் பின்னோக்கிப் படித்தேன். என்னோடு போட்டியிட்ட அந்த இருவரும் இவருடைய ஏலங்களில் மட்டுமே கேட்கிறார்கள். கேட்டும் ஒன்றையும் வாங்குவதில்லை. ஆள் வைத்து விலை ஏற்றும் பழைய தந்திரம்தான் இது. ஊர்ச்சந்தையில் என்றால் முகம் தெரியும். இங்கே ஒருவனே மூன்று பெயரில் உட்காரலாம்.

இத்தந்திரத்தை நம் நாட்டுச் சட்டம் அன்றே அறிந்திருந்தது. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு, முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவர் தாமே கேட்பதும் ஆள் வைத்துக் கேட்பதும் சட்டத்துக்குப் புறம்பானது என்கிறது. பொய்யாகக் கேட்டு விலை ஏற்றினால், அந்த விற்பனையைத் தள்ளிவிடும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் ஈபே ஏலத்தில் 25 சென்டில் தொடங்கிய ஓர் ஓவியத்துக்கு 1,35,805 டாலர் கேட்கப்பட்டது. புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் முதலெழுத்துகள் அதில் பொய்யாக இடப்பட்டிருந்தன. விற்றவர் வேறு பெயரில் தாமே கேட்டிருந்ததும் வெளியாயிற்று. ஈபே அந்த ஏலத்தைத் தள்ளிவிட்டது; வழக்கறிஞரான அந்த மனிதர் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் வாங்குகிறவர் என்ன செய்வது?

ஏலம் தொடங்கும் முன்பே உங்கள் எல்லைத் தொகையை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஒழுங்கான ஏலத்தளங்களில் அந்தத் தொகையை முதலிலேயே கொடுத்துவிடலாம். அடுத்தவர் கேட்டதற்குச் சற்று மேலாக மட்டும் தளமே உங்களுக்காகக் கேட்டுக்கொண்டு போகும். ஆள் வைத்து ஏற்றினாலும் நீங்கள் எழுதிய எல்லைக்கு மேல் போகாது. ஏலத்தில் நம்மை ஏமாற்றுகிறவர் இருவர்: ஒருவர் விற்பவர், மற்றவர் 'இன்னும் நூறுதானே' என்று சொல்லும் நம் மனம்.

படம் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, ஆண்டு ஆகியவற்றின் நெருக்கமான படங்களைக் கேளுங்கள். அன்றைய தேதி எழுதிய தாளின்மேல் காசை வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பொருள் கையில் இல்லாதவர் அங்கேயே பின்வாங்குவார். திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டதையும் பதிலையும் பாதுகாத்து வையுங்கள். தளத்தை விட்டு வெளியே வந்து நேராகப் பணம் அனுப்பினால் விலை குறையும் என்பவரிடம் மிகவும் எச்சரிக்கை தேவை. தளம் தரும் பாதுகாப்பும் அங்கேயே நின்றுவிடும்.

"உங்கள் பழைய ஐந்து ரூபாய்க்கு இலட்ச ரூபாய் தருகிறோம், முன்பணமாக வரி கட்டுங்கள்" என்பதும் ஒரு வலை. ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி இப்படிப் பணம் பறிக்கிறார்கள். இத்தகைய வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை என்றும், கட்டணமோ தரகோ தான் கேட்பதில்லை என்றும் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவ்வங்கி அறிக்கை விட்டிருக்கிறது.

குற்றம் விற்பவரிடம் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். இழந்த பணத்தை ஈடுசெய்ய, என்னிடம் இரண்டிரண்டாக இருந்த அஞ்சல்தலைகளை நான் வேறொரு குழுவில் ஏலம் விட்டேன். அதிகமாகக் கேட்டவர் ஏலம் முடிந்ததும் காணாமற்போனார். நல்ல வேளையாக இரண்டாவது தொகை கேட்டவரின் பெயரைக் குறித்திருந்தேன், அவருக்கே விற்றேன். இன்னொருவர் பணம் அனுப்பியதாக ஒரு படம் காட்டினார். என் வங்கிக் கணக்கிலோ ஒரு பைசா ஏறவில்லை. படத்தை நம்பாதீர்கள், கணக்கைப் பாருங்கள். பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. இரகசிய எண்ணை அழுத்த வேண்டியதே இல்லை. அழுத்தச் சொல்பவர் தருகிறவர் அல்லர், எடுக்கிறவர். நல்ல பொருளைப் பெற்று, கெட்ட பொருளைத் திருப்பி அனுப்புவோரும் உண்டு. ஆகவே ஒவ்வொரு பொருளின் தனி அடையாளங்களையும் படம் எடுத்துவிட்டு, கட்டுவதையும் பிரிப்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நான் பல நாள் தயங்கிய பிறகே புகார் செய்தேன். பணம் இன்னும் வரவில்லை.

இனிச் சொல்லப் போவதுதான் சொல்லத் தயங்கியது. என் வருத்தத்தைக் கண்ட அறை நண்பன், "இதற்கா இவ்வளவு கவலை? உன்னிடம் வந்த வழியிலேயே அனுப்பிவிடு. நீயும் ஏலத்தில் விடு, நான் இரண்டு முறை ஏற்றிக் கேட்கிறேன்" என்றான். அன்று அது தவறாகவே எனக்குப் படவில்லை. 'ஒரு ரூபாய், வெள்ளி, 1939, படத்தில் உள்ளபடி' என்று எழுதிப் படத்தோடு போட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு செய்தி வந்தது. நம் பல்கலைக்கழகத்திலேயே முதலாண்டு படிக்கும் தமிழ் மாணவர். "அண்ணா, இது அசல்தானே? நீங்கள் சொன்னால் போதும், கேட்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

அந்த வரியைப் பலமுறை படித்தேன். ஆமாம் என்று எழுதக் கை வரவில்லை. என்னை ஏமாற்றியவர் எழுதிய சொற்களும் இதே சொற்கள்தாமே! ஒருவேளை அவரும் எங்கோ ஏமாந்தவரோ என்னவோ. ஏமாந்தவன் அடுத்தவனைத் தேடும்வரையில் பொய்க்காசு சந்தையில் செலாவணியாகிக் கொண்டே இருக்கும். யாரோ ஒருவன் நட்டத்தைத் தன்னோடு நிறுத்திக்கொண்டால்தான் அது நிற்கும். "இல்லை தம்பி, எண்ணைத் திருத்தியது" என்று எழுதி, அறிவிப்பை அழித்தேன். மாதக் கடைசிவரை அறை நண்பனிடம் கடன் வாங்கித்தான் சாப்பிட்டேன். ஆயினும் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அந்தக் காசு இன்று என் மேசையில் ஓர் உறையில் இருக்கிறது. உறையின்மேல் 'திருத்தப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அதையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் கொண்டு வருகிறேன். ஒருமுறை பார்த்தவர் மறுமுறை ஏமாறமாட்டார். அந்த முதலாண்டுத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.