துருவை நம்பி கடலுக்குப் போகலாமா?

நம் தீவுகளில் டிங்கி வைத்திருப்பவர் எவருக்கும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். ஆனாலும் எஞ்சினின் பவுண்டேஷன் போல்ட்டும் ஷாஃப்ட் கப்ளிங் போல்ட்டும் கழன்றுகொண்டேதான் இருக்கின்றன. ஜங்கிளிகாட்டில் ஒரு படகின் கப்ளிங்கைப் பார்க்க நேர்ந்தது. நான்கு போல்ட்டில் ஒன்று இல்லை. இன்னொன்றின் நட் விரலுக்கே சுற்றியது. மற்ற இரண்டும் துருவேறியிருந்தன. "அதுதான் துரு பிடிச்சிருச்சே அண்ணே, இனிமே எங்க கழலப் போவுது?" என்றார் படகுக்காரத் தம்பி. மறுநாள் அதில் குடும்பத்தோடு கிளம்புவதாக இருந்தார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போல்ட்டை இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்டது மறுபடி சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நாம் ஸ்பேனரில் போடும் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுப்பாக மாறும். மிச்சமெல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வுக்கே போய்விடும். துரு உராய்வைக் கூட்டும், இழுப்பைக் கூட்டாது. கைக்குக் கெட்டியாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

1969ல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் இதைச் சோதித்துக் காட்டினார். பாகங்கள் பக்கவாட்டில் வழுக்கினால் மரையின் பிடி விட்டுப்போய், நட் தானே திரும்புகிறது. ஸ்பிரிங் வாஷர் இருந்தும் கழல்கிறது. இறுக்கியவுடன் அது தட்டையாகிவிடுகிறதே, பிறகு எங்கே ஸ்பிரிங்! லண்டன் அருகே பாட்டர்ஸ் பாரில் 2002 மே 10 அன்று ரயில் தடம்புரண்டு 7 பேர் இறந்ததும், தண்டவாளம் பிரியும் இடத்தில் நட்டுகள் கழன்றதால்தான்.

ஆகவே முதல் வேலை, வழுக்கலுக்கு இடமில்லாதபடி சரியான அளவு போல்ட்டை முழுதாக இறுக்குவது. சில மணி நேரம் ஓட்டியபின் மறுபடி ஸ்பேனர் வைக்க வேண்டும். பெயிண்ட்டும் மரமும் அமுங்கி இழுப்பு குறைந்திருக்கும். இரட்டை நட் போடுகிறவர்கள் பெரும்பாலும் தடித்ததை அடியில் போட்டு மெல்லியதை மேலே வைக்கிறார்கள். அது தலைகீழ். மெல்லியது அடியில், தடித்தது மேலே. அடி நட்டை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை இறுக்க வேண்டும். ஸ்ப்ளிட் பின் இழுப்பைக் காக்காது. ஆனால் நட் கழன்று கடலில் விழாமல் தடுக்கும், அதுவே பெரிய உதவி.

நான்கையும் புதிதாக மாற்றினோம். நட்டிலிருந்து கப்ளிங் வரை ஒரு கோடு இழுத்துவிட்டால், நட் நகர்ந்தால் கோடு பிசகிக் காட்டிக்கொடுக்கும். அங்கே பெயிண்ட் இல்லை. தம்பி வீட்டுக்கு ஓடிப்போய் மகளின் சிவப்பு நகப்பூச்சைக் கொண்டுவந்தார்.