தொகையும் ஒரு குறிதான்

குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் லயனில், சம்பள நாள் ராத்திரிகளில் மூணு சீட்டு பார்த்து வளர்ந்தவன் நான். நல்ல சீட்டு வந்தால் மாமா சட்டென்று கூட்டிக் கட்டுவார். மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். “மூணு ஆஸ் வந்தும் பத்து ரூபாதானா” என்று புலம்புவார்.

தவறு சீட்டில் இல்லை, தொகையில். குறிக்கு அர்த்தம் வேறுபாட்டில் பிறக்கிறது என்பார் சொஸ்யூர். நல்ல கைக்கு மட்டும் பெருந்தொகை என்றால் எதிராளி அதை வாசித்துவிடுவான்.

சரி, குறைத்துக் கட்டலாமா? வரம்பில்லாப் போக்கரில் முதல் இரண்டு சீட்டும் ஆஸாக வருவது 221இல் ஒரு தடவை. எதிரே சின்ன ஜோடி. அவனுக்கு வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. நடுவில் 100 ரூபாய். இதற்குமேல் பந்தயம் இல்லையென்று வைத்துக்கொள்வோம். நாம் 25 கட்டினால் அவன் 25 போட்டு 150க்கு ஆடுகிறான். ஆறில் ஒரு வாய்ப்பே போதும், லாபம் அவனுக்கு. 100 கட்டினால் மூன்றில் ஒன்று வேண்டும், நஷ்டம். ஆகவே பெருந்தொகைதான் சரி. ஆனால் சுமாரான கைக்கும் அவ்வப்போது அதே தொகையைக் கட்டினால்தான் குறி குழம்பும்.

1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை என்றது; மூணு சீட்டை முழுக்க அதிர்ஷ்டம் என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் திறமைப் பக்கம் சேர்த்தது. அதிர்ஷ்டம் எனப்பட்ட மூணு சீட்டிலேயே மாமா பிறகு இந்த வாசிப்பைக் கற்றுக்கொண்டார். ஜெயித்தார். ஜெயித்தது பக்கத்து வீட்டு அரிசிக் காசு. திறமையா அதிர்ஷ்டமா என்கிற கேள்விக்குள் அந்தக் காசு வருவதேயில்லை.